கழித்தல் கணக்கு

ஐப்பசி ஒன்பது, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. தேனி அல்லிநகரத்தில் பதினோரு நிமிடம் தூறல். எட்டு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு நானும் என் மனைவியும் மருமகளின் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறினோம். அவர்கள் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மலையாளிகள். மகனும் மருமகளும் மதுரையில் அவளுடைய பரீட்சையை முடித்துவிட்டுச் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

முந்தின நாளே மருமகள் போனில் கேட்டிருந்தாள்: "மாமா, எங்க அம்மாவுக்குத் தமிழ் சுத்தமா வராது. சமாளிச்சிருவீங்களா?"

"மலையாளம் எனக்குத் தண்ணிபட்ட பாடும்மா."

(தெரிந்தது பதினான்கு வார்த்தை. எண்ணியிருக்கிறேன்.)

தேனிக்காரர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று சம்பந்தியம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அதைத் தீர்த்துவிட்டுத்தான் மலையிறங்குவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்காகவே ஒரு நோட்டுப் போட்டு, பேரனின் வரவு செலவை நிமிடக் கணக்கில் எழுதி வந்தேன். வரவு என்றால் பால், கூழ். செலவு உங்களுக்கே புரியும்.

மலைப்பாதையில் என் மனைவி நான்கு முறை வாந்தி எடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் உள்ளறையில் படுத்துவிட்டாள்.

"ஏங்க, புள்ளையப் பாத்துக்கங்க. என்னைய ஒண்ணும் கேக்காதீக."

பால் பையைச் சம்பந்தியம்மாவிடம் ஒப்படைத்தேன். அந்த அம்மாள் பேரனை வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "மோன் கழிச்சோ?"

வாசலிலேயே வயிற்றை விசாரிக்கிறாரே, என்ன பொறுப்பு என்று நெகிழ்ந்துபோனேன். நோட்டைப் பிரித்தேன்.

"கழிச்சாச்சு. அஞ்சு இருபதுக்கு ஒண்ணு, எட்டு பத்துக்கு லோயர்கேம்ப்ல ஒண்ணு."

"எந்தா கழிச்சது?"

"மஞ்சளா, கொஞ்சம் இளக்கமா."

"ஓ, ஏத்தக்கா குறுக்கு" என்று அவர் மலர்ந்தார். நேந்திரங்காய்க் கூழால் வந்த வினை என்று கண்டுபிடித்துவிட்டாரே என வியந்தேன். "எங்கில் இனி உச்சைக்கு மதி" என்றார். மதி என்றால் போதும். அது என் பதினான்கில் ஒன்று. இனிமேல் உச்சா மட்டும் போனால் போதும் என்கிறார்.

"அதையும் எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.

பத்தரைக்குப் பேரன் அழ ஆரம்பித்தான். யாரும் பால் தரவில்லை. வயிற்றைக் காயப்போடுவது அவர்கள் ஊர் வைத்தியம் போலும் என்று வாயை மூடிக்கொண்டேன். பார்க்க வந்த மூன்று பெண்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். மூவருக்கும் நோட்டைக் காட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி தோட்டத்திலிருந்து வந்தார். அத்தனை பெண்களுக்கும் நடுவில் என்னைப் பார்த்து, "சாரு கழிச்சோ?" என்றார்.

எனக்குக் காது சிவந்தது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

"இன்னைக்கி இல்ல. எனக்கு எப்பவும் ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான்."

சம்பந்தியின் முகத்தில் அப்படி ஓர் இரக்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் தோளைத் தொட்டு, "பாவம்" என்றார்.

பேரனின் வீறலில் என் மனைவி எழுந்து வந்தாள். கம்பத்தில் பிறந்தவள்; மலையாளம் அறிந்தவள்.

"புள்ள ஏன் இப்பிடிக் கத்துது? என்ன குடுத்தீக?"

"ஒண்ணும் குடுக்கல. அதான் கழிச்சுட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்காகளே, நானும் கணக்குச் சொல்லிட்டேன்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கழிச்சோன்னா சாப்புட்டாச்சான்னு அர்த்தம். உச்சைன்னா மத்தியானம். நீங்க என்னத்தச் சொல்லித் தொலைச்சீக?"

நான் சொன்னதை அவள் மலையாளத்தில் விளக்கினாள். மூன்று பெண்களில் இருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்கு ஓடினார். பேரன் இரண்டு கிண்ணம் கூழை ஆறு நிமிடத்தில் முடித்தான். எனக்கும் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வந்தன.

சம்பந்தியம்மாவின் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. தேனிக்காரிக்குத் தெரியும்; தேனிக்காரருக்குத்தான் தெரியாது.

இன்றும் அவர்கள் வீட்டில் யாரும் என்னைச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. "சாரே, இன்னைக்கி ஒற்றை நாளா இரட்டை நாளா?" என்கிறார்கள். நோட்டின் அந்தப் பக்கம் அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. சம்பந்தி அதைக் கிழித்துக் குமுளிக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்தார். இருபது ரூபாய். சில்லறை இல்லையென்று என்னிடம்தான் வாங்கினார்.