பதினாலாம் நாளும் என் ஒரே பொய்யும்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் குழந்தையே கிடைத்தது.

மைசூரில் எங்கள் ஆத்தில் மாசம் மூன்று நாள் எனக்கு மாடி ரூம், தனிப் பாய், தனித் தட்டு. ஆகவே என் தேதி ஊருக்கே தெரியும். மாமியார் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். அங்கிருந்து எண்ணிப் பதினாலாம் நாள், ஹனூரில் பேங்க் வேலையிலிருக்கும், மாசம் ஒரு தடவைதான் வர முடிகிற பிள்ளைக்குப் போன்: "நெஞ்சு படபடங்கறதுடா, சாயந்திரம் பஸ்ஸைப் பிடி." (மாசாமாசம் தேதி பார்த்துப் படபடக்கும் நெஞ்சு! என் ஆத்துக்காரரும் ஓடி வருவார், அசடு.) இப்படி இரண்டு வருஷம். மறுபடி வட்டம் விழுந்தால் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு. அவர் பிள்ளையைப் பரிசோதிக்கலாம் என்று யாராவது வாயைத் திறக்கணுமே? ஊஹூம். குறை எனக்குத்தான். எனக்கு மட்டும் பிள்ளை ஆசை இல்லையா? மாடி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அந்த மாசம் பெங்களூரில் அம்மா வீட்டிலேயே வந்து முடிந்துவிட்டது. அது தொடங்கி ஒரு வாரத்தில் மைசூர் திரும்பினால், மறுநாள் நாத்தனாரின் புக்ககத்தார் பதினெட்டுப் பேர் சாப்பிட வருகிறார்களாம். இரண்டு வருஷக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் தூரம்" என்றேன் மாமியாரிடம்.

மூன்று நாள் மாடியில் நாவல் படித்தேன். கீழே மாமியார் தனியாளாகப் புளியோதரை கிளறினார். (பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்.) பொய்த் தேதிக்கும் வட்டம் விழுந்தது. அங்கிருந்து பதினாலு நாள் எண்ணி, வழக்கம்போல் போன், வழக்கம்போல் பஸ்.

அடுத்த வட்டம் விழவேயில்லை. டாக்டரம்மா கடைசித் தேதியைக் கேட்டார். மாமியார் பையிலிருந்து காலண்டரையே எடுத்து மேஜையில் விரித்தார். "பத்தாம் தேதி!"

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்ற பயத்தில், "இல்லை, மூணாம் தேதி" என்று உளறிவிட்டேன்.

"ரெண்டுல எதும்மா நிஜம்?"

தலையைக் குனிந்துகொண்டு பதினெட்டுப் பேர் சாப்பாட்டையும் ஒப்பித்தேன். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா காலண்டரின் பழைய தாள்களைப் புரட்டி, வட்டங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு முப்பத்தஞ்சு நாளுக்கு ஒரு தடவை வருது. கருமுட்டை வர்றதே இருபத்தொண்ணாம் நாள் வாக்குலதான். பதினாலுங்கறது எல்லாருக்கும் பொருந்தாது. இத்தனை நாளும் ஒரு வாரம் முந்தியே எண்ணியிருக்கீங்க. இந்தத் தடவை பொய் ஒரு வாரம் தள்ளிடுச்சு, சரியா அமைஞ்சது."

மாமியார் காலண்டரைச் சுருட்டினார். "நான் எண்ணின பதினாலாம் நாள்தானே? என் கணக்கு என்னிக்குத் தப்பியிருக்கு!"

பொய் என்னுது, பேர் அவருக்கு! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

பெண்ணுக்கு இப்போது ஆறு வயசு. விருந்தாளி என்றதும் நான் லேசாக முகம் சுளித்தால் போதும், மாமியார் எல்லார் முன்னாலும் கேட்பார்: "என்னடிம்மா, அடுத்த பிள்ளைக்குத் தயாராறயா?"