மூடி சாரின் பெட்ரோல் டாங்க்

மூடி சார் மட்டும் இல்லாதிருந்தால் மைசூர் விஜயநகர் என்றைக்கோ ஆவியாகிப் போயிருக்கும். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். தமிழர்கள் மூடி சார் என்றோம். கன்னடக்காரர்கள் முச்சள சார் என்றார்கள்.

கல்லூரி ரசாயன ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் கண்ணாடிப் புட்டிகளைக் காவல் காத்து ரிட்டையர் ஆனவர். திறந்திருக்கும் எதிலிருந்தும் ஏதோ ஒன்று பறந்து போய்க்கொண்டே இருக்கிறது என்பது அவர் கட்சி. எதிர்வீடான எங்கள் வீட்டில் காபி கொடுத்தால், டம்ளர் மேல் டபராவைக் கவிழ்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாற வந்தவரை நிறுத்தி, வாளிக்குத் தட்டு தேடியிருக்கிறார். நான் கொட்டாவி விட்டால்கூட அவர் கை லேசாகப் பரபரக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் இவர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய மறுநாளே பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டாங்க் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

"பாத்தியாப்பா? காசு கொடுத்து வாங்கின பெட்ரோல் சும்மனே ஆகாசத்துக்குப் போகுது!"

ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் லப்பத்தை வைத்து ஓட்டையை அடைத்தார். அது காய்ந்து கல்லானது. வாசனை நின்றது. தெருவில் இறங்கி எங்கள் எல்லோருக்கும் மூடியை மோந்து பார்க்கக் கொடுத்தார்.

அதே வாரம் எனக்குப் பெண் பார்க்கும் படலம் வந்தது. படலம் என்றால் சும்மா பேருக்குத்தான். சாமராஜநகரில் டீச்சராக இருந்த பெண்ணும் நானும் எப்போதோ முடிவு செய்திருந்தோம். அவள் அப்பாதான் மனமில்லாமல் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தார். நாலரைக்கு ராகுகாலம்; அதற்குள் வராவிட்டால் கையில் இருக்கும் வேறு இடத்தைப் பேசி முடித்துவிடுவாராம். எனக்கு அப்பா இல்லை. பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பாக இருக்காது என்று அம்மா கவலைப்பட, "நான் இருக்கேன், கார் இருக்கு" என்றார் மூடி சார்.

கடகொளா தாண்டியதும் வண்டி இருமி நின்றது. பெட்ரோல் முள்ளை அவர் நம்புவதில்லை. இறங்கிப் போய் டாங்க் மூடியைத் திறந்தார். "புஸ்ஸ்" என்று சத்தம்.

"கேட்டியா? உள்ள எவ்வளவு ஆவியைப் பிடிச்சு வெச்சிருக்கேன் பாரு!"

திருப்பி மூடினார். வண்டி கிளம்பியது. அம்மா சாமுண்டிக்கு ஒரு கும்பிடு போட்டாள். நஞ்சன்கூடு தாண்டி மறுபடி நின்றது. மறுபடி புஸ்ஸ், மறுபடி கும்பிடு, மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை நின்றபோது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசினாலும் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அம்மாவும் பூப்பையோடு இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். பையிலிருந்து ஒரு மல்லிகை இதழ் டாங்க் வாயோரம் விழுந்தது. அவர் மூடியைத் திருகித் திறக்க, இதழ் வெளியே பறக்கவில்லை. இடுக்குக்குள் இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

மூடி சார் குனிந்து அதையே பார்த்தார்.

"காத்து வெளிய வரலப்பா. உள்ள போகுது."

"அதனால என்ன சார்?" என்றேன்.

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து போகணும். போகலைன்னா டாங்க் பெட்ரோலை விடாது, இஞ்சினுக்கு வராது. அந்த ஓட்டை அதுக்குத்தான் இருந்திருக்கு. நான் அடைச்சிட்டேன்."

காய்ந்த லப்பத்தை அம்மாவின் ஊக்கால் குத்திப் பார்த்தோம். ஊக்குதான் வளைந்தது. இனி டாங்கைத் திறந்தபடி ஓட்டினால்தான் உண்டு. அவர் மூடியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்கோங்கம்மா. என் கையில இருந்தா மூடிடுவேன்."

விசேஷத்துக்கென்று தோளில் போட்டு வந்த ஜரிகைத் துண்டை டாங்க் வாயில் கட்டினார். துணி வழியாகக் காற்று போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன்பின் வண்டி எங்கும் நிற்கவில்லை. "போகுது... போகுது..." என்று மட்டும் வழியெல்லாம் முனகினார். வண்டி போவதைச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் மணக்கும் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறினார். பெண்ணின் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பையனுக்கு என்ன வேணும்?"

எதிர்வீடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"பெரியப்பா" என்றார் மூடி சார்.

அம்மா மறுக்கவில்லை. என் மாமனார் இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும்தான்.