நஞ்சுக்கொடியின் எடை குறித்து மகளுக்கு

பாசத்திற்குரிய மகள் மாட்டு டாக்டரம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் சௌக்கியம். அதிலும் மாடு மிகமிகச் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டி, கோர்ட்டில் முப்பது வருஷம் தட்டச்சு செய்த பழக்கத்தில் என் குறைகளை முறைப்படி சமர்ப்பிக்கிறேன்.

நஞ்சுக்கொடி நன்றாக வளர்ந்தால்தான் கன்றுக்கு வயிற்றுக்குள் தீனி ஒழுங்காகப் போகும், அங்கே குறைந்தால் அது பிற்பாடு கன்றின் உடம்பிலும் மாட்டின் பாலிலும் தெரியும், சினைமாட்டை வெக்கையில் வாடவிடக் கூடாது என்று போனில் சொன்னாயே, அதை உன் அம்மாவிடமா சொல்வது? மறுநாளே என் அறை மின்விசிறி கொட்டகைக்கு மாற்றப்பட்டது. "எனக்கு வேர்க்குதே" என்றேன். "நீங்க என்ன சினையா?" என்றாள். இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது? பசுந்தீவனம், தாது உப்பு, ஈரக் கோணிப் படுதா எல்லாம் மேற்படி மாட்டுக்கு. எனக்கு ஆறிப்போன காபி. கடைசியில வீட்லயே குளுகுளுன்னு இருக்கிற இடம் அதுதான்னு, நானும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு கொட்டகைக்கே குடிபோயிட்டேன்.

அங்க ஒரு மத்தியானம் கண்ணசந்தவன் மாடு கத்தின கத்துல முழிச்சுப் பார்த்தா, ரெண்டு குளம்பு வெளியே எட்டிப் பார்க்குது. உங்கம்மா கடைக்குப் போயிட்டா. பதறிப்போய் உனக்குப் போன் போட்டா, நீ என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா? "நஞ்சுக்கொடி விழுந்ததும் எடை போட்டுச் சொல்லுங்கப்பா, ஆராய்ச்சிக்கு வேணும்"ங்கற! அதுக்குள்ள கன்னு பொத்துனு விழுந்துடுச்சு. மூச்சே இல்லை. துண்டால மூக்கைத் துடைச்சு, நெஞ்சைத் தேய்தேய்னு தேய்ச்சு, "ஏ கழுதை, மூச்சு விடுடி!"ன்னு கத்தறேன். நேரா என் மூஞ்சியிலயே தும்மிச்சு பாரு, அடடா, பேரப்பிள்ளை பொறந்த மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் நஞ்சுக்கொடி விழுந்தது. தெருவில போன பழைய பேப்பர்காரரை நிறுத்தி, "தராசு குடுங்க"ன்னேன். "பேப்பரா சார்?" "இல்லைப்பா, நஞ்சுக்கொடி." தராசைப் போட்டுட்டு ஓடினவர் இன்னும் திரும்பலை. எடை நாலரை கிலோ, குறிச்சுக்கோ. கழுவி விரிச்சுப் பார்த்தேன். பெரிசு பெரிசா சிவப்புப் பொத்தான் தைச்ச மாதிரி, நடுவுல வேர் வேரா ரத்தக்குழாய். இத்தனை மாசம் இது வழியாத்தானே அந்தச் சின்ன உசுருக்கு எல்லாம் போயிருக்கு! வேலை முடிஞ்சதும் கேட்பாரில்லாமக் கீழே கிடக்குது. உன்னைச் சுமந்தப்ப உங்கம்மா வாந்தி எடுத்துக்கிட்டே சமைச்சதெல்லாம் ஞாபகம் வந்தது. உள்ளே போய் அவளுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். நெத்தியில கை வெச்சுப் பார்த்து, "காய்ச்சலா?"ன்னா.

ஆகவே, இந்த அல்லாட்டம் என் வயசுக்கு ஆகாது. தாயையும் கன்றையும் நாளையே பால்காரரிடம் விற்றுவிடுவதாகத் தீர்மானித்துவிட்டேன். இதுவே இறுதித் தீர்ப்பு. உங்கள் இருவருக்கும் சகல நன்மையும் கூடிவர ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா

பி.கு.: விலை பேசத்தான் பால்காரரிடம் போனேன். அங்கே ஐந்து மாதச் சினையோடு ஒரு ஒடிசல் மாடு என்னையே பார்த்தது. மனசு கேட்கவில்லை, வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதன் நஞ்சுக்கொடி தேற என்ன தீனி போடணும், உடனே எழுது. யாரோ கட்டிவிட்டுப் போன மாடு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காட்டிக்கொடுத்துவிடாதே.