கத்தரிக்காயோடு பேசிய தணலண்ணன்

நெருப்பை அதட்டி அடக்கத் தெரிந்த ஒரே மனிதர் இந்த ஊவா மாகாணத்திலேயே தணலண்ணன்தான். தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியே பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்டு பதுளைக்கு மகள் வீட்டுக்கு, அதாவது எங்கள் பக்கத்து வீட்டுக்கு, வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வெங்காயம், கருவாடு, வாழைக்காய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார். ஒருமுறை பப்பாளியையும் சுட்டார். அதை யாரும் சாப்பிடவில்லை, அவர் உட்பட.

எங்களைச் சிநேகமாக்கியது கத்தரிக்காய். மனைவி பண்டாரவளைக்குத் தாய்வீடு போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனில் ஒரு வட இந்தியப் பெண் காஸ் அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டு மசித்ததைப் பார்த்து, நானும் களத்தில் இறங்கினேன். காயைக் குத்தி ஓட்டை போடவேண்டும் என்று அவள் சொன்ன நேரத்தில் நான் பிளேன்டீ ஊற்றப் போயிருந்தேன் போலிருக்கிறது. டமார்! கூரை முதல் காலண்டர் முருகன் வரை கத்தரிக்காய்.

சத்தம் கேட்டுப் பின்கதவால் ஓடி வந்தார் தணலண்ணன்.

“ஐயையோ தம்பி! ஒரு காய இப்படியா மூச்சு முட்ட வச்சுக் கொல்லுவாங்க?”

“காஸ்லதாண்ணே சுட்டேன்.”

“இதெல்லாம் ஒரு நெருப்பா? நீலமா ஒரு ஏமாத்து! வாங்க வெளிய.”

பின்முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தித் தணலாக்கினார். புதுக் காயொன்றைக் கத்தியால் நாலு இடத்தில் குத்தி அதன்மேல் வைத்தார். பிறகு அதனோடு பேச ஆரம்பித்தார். “இரு கண்ணு, இந்தப் பக்கம் வெந்துருச்சு. திரும்பிப் படு.” உள்ளே வெந்துவிட்டதா என்று காதை வைத்து வேறு கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே வலப்பக்க மீசையைப் பறிகொடுத்தவர். இடமிருந்து பார்த்தால் போலீஸ்காரர், வலமிருந்து பார்த்தால் பூசாரி.

தோலை உரிக்க நான் பைப்பைத் திறந்ததும் கையில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது. “கழுவாதீங்க! ருசியே அந்தப் புகையிலதான் இருக்கு.” சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, தேசிக்காய் பிழிந்துவிட்டுப் பிசைந்து முதல் உருண்டையை எனக்குத்தான் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒன்றை நான் தின்றதே இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

இவ்வளவும் தின்றுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஞாயிறு, அவர் காயோடு கொஞ்சுவதை ஒளித்து வீடியோ எடுத்தேன். ‘கத்தரிக்காயோட பேசுற லூசு’ என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டேன். கந்தோரில் என்னோடு வேலை செய்கிற நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான். மறுநாள் பதுளையே சிரித்தது. எல்ல நகரத்து ஹோட்டலொன்றில் வேலை செய்யும் என் மச்சான், யாருடைய வேலை என்று தெரியாமல் எனக்கே அதை அனுப்பினான். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு, பாவி, பெருமைப்பட்டேன்.

சாயந்திரம் தணலண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, நம்மளப் போன்ல போட்டீங்களாமே! பஸ் ஸ்டாண்டுல ஆளுக கையக் காட்டுறாங்க. சனம் என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே.”

போனைத் திறந்தேன். முதலாவதே, ‘இந்தக் கெழவனப் புடிச்சு ஆஸ்பத்திரியில போடுங்கடா.’ சத்தமாக வேறொன்றை வாசித்தேன்.

“இந்த ஐயாவ எங்க ஊருக்கு ஒருக்காக் கூட்டி வாங்கன்னு ஒருத்தர் கேக்குறாரு.”

“பாவம், சாப்பிட ஆசையா இருக்கும். அப்புறம்?”

‘அரை மீசை அரக்கன்.’

“மீசை கம்பீரமா இருக்காம்.”

“இந்தப் பக்கத்தத்தான் சொல்லுறாங்க” என்று இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

அடுத்தவன் அவரைப் பெற்றவர்களையும் சேர்த்து இழுத்திருந்தான். “உங்கள மாதிரி ஒரு அப்பா வேணுமாம்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவர் போனதும் வீடியோவை அழித்தேன். என்ன பிரயோசனம்? சனம் எழுதியதையும் சேர்த்துக்கொண்டு அது போன் போனாகத் தாவி ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை, அவருடைய மகள் வேலை செய்யும் புடவைக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து அவள் அழுத சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“அப்பா, அது பாராட்டு இல்லப்பா! உங்கள லூசுன்னு எழுதியிருக்காங்க!”

ஒன்று விடாமல் வாசித்துக் காட்டினாள், நான் போட்ட தலைப்பு உட்பட. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு பார்ப்பது என்று பயந்து, வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். பத்து மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது. கையில் இரண்டு கத்தரிக்காயோடு நின்றார்.

“அண்ணே, என்னை மன்னிச்சிருங்க...”

“வீடியோவுக்கு மேல எழுதுனது நீங்கதானாமே?”

“ஆமாண்ணே.”

அவர் முற்றத்தில் குந்தி, சிரட்டையைக் கொளுத்தி, காயைக் குத்தித் தணலில் வைத்தார். கத்தரிக்காயோடுகூடப் பேசவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கடைசியில், காயைத் திருப்பிவிட்டுக்கொண்டே சொன்னார்: “மகளும் வாசிச்சா. ஆனா நீங்க வாசிச்சதுதான் தம்பி நல்லா இருந்துச்சு. இன்னொருக்கா வாசிங்க.”

போனை எடுக்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, என் மனதில் இருந்ததை வாசித்தேன். இந்த முறை ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.