ஸ்டேயில் நின்ற எருமை

ஜப்திக்கு வந்த கோர்ட் அமீனா எருமையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கை வைக்காதீங்க! அரியலூர்ல அப்பீல் போட்டாச்சு!" என்று குறுக்கே பாய்ந்தார் இளையபெருமாள்.

"அப்பீல் போட்டா போதுமா? ஸ்டே ஆர்டர் எங்க?"

"அப்பீல்னாலே தீர்ப்பு நின்னுடும்ல?"

"தீர்ப்பு நிக்காது. இப்ப எருமதான் நிக்குது. நாளன்னிக்கு வரேன், ஆர்டரக் காட்டுங்க."

இந்த எருமை கன்றாக இருந்தபோது, பங்காளி வீட்டு அண்ணி பாப்பாத்தியிடம், வளர்த்துக் கொடுத்தால் பாதிப் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தார் இளையபெருமாள். அது கன்று போட்டதும், பங்கு பேசாமல் தாயையும் கன்றையும் ஓட்டிவந்துவிட்டார். அண்ணி பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போனார். எருமை அண்ணிக்கே என்று தீர்ப்பாகிவிட்டது. இனி வேப்பந்தட்டைக் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமானால், எருமை அவர் கொட்டகையை விட்டுப் போகக்கூடாது.

பஸ் ஏறி அரியலூருக்கு ஓடினார். ஸ்டே கிடைத்தது.

"அப்பீல் முடியற வரைக்கும் எரும உங்ககிட்டதான்" என்றார் வக்கீல்.

"அப்ப ஜெயிச்சுட்டோம்!"

"ஜெயிக்கல. தோத்தத நிறுத்தி வச்சிருக்கோம். எரும இளைச்சுதுன்னா ஸ்டே போயிடும், பாத்துக்குங்க."

தான் தோற்றவரா, தோற்காதவரா என்று ஊர் வந்து சேரும்வரை இளையபெருமாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிப் போட்டார்.

"நான் மாசமா இருந்தப்ப இப்படிப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

"நீ என்ன, ஸ்டேயிலயா இருந்த?"

கறக்க உட்கார்ந்தால் எருமை பாலை விடாமல் எக்கிக்கொண்டது. கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தாள், செம்பு வாசலுக்குப் பறந்தது. மேயப் போய்க் கண்டதைத் தின்கிறதோ என்று கொட்டகையிலேயே கட்டிப்போட்டார். அது தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விலா எலும்பு தெரிந்தது.

மறுபடியும் அரியலூர்.

"எப்பவும் மேய்ச்சலுக்குப் போற மாடுதானே? அவுத்து வுடுங்க. இருந்தது இருந்தபடி இருக்கணும், அதுக்குத்தான் ஸ்டே."

அவிழ்த்துவிட்டார். கன்றும் பின்னாலேயே ஓடியது. சாயங்காலம் இரண்டும் வயிறு நிரம்பித் திரும்பின. மடி மட்டும் காலி.

மாட்டு டாக்டர் வந்து தட்டிப் பார்த்தார். "மாட்டுல ஒரு கொறையும் இல்ல. தீவனத்தக் கூட்டுங்க."

புண்ணாக்கு இரண்டு மடங்கானது. எருமை எண்ணெய் தடவினதுபோல் மின்னியது. இளையபெருமாளுக்குத்தான் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வரக்காப்பி குடித்துக் குடித்து வெறுத்துப்போய், கடைசியில் செம்பைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனார்.

அளந்து ஊற்றும் செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. "வாங்கண்ணே. கெட்டிப் பால் இருக்கு, பாப்பாத்தியம்மா ஊத்துனது."

"அண்ணிகிட்டதான் மாடே இல்லியே?"

"மேய அவுத்து வுட்டா ஒங்க எரும நேரா அவங்க வாசல்லதான் வந்து நிக்குதாம்ண்ணே. தீனிச் செலவே இல்லாம கறக்கறாங்களாம், இந்த அப்பீல் இன்னும் பத்து வருசம் இழுக்கணும்னு சிறுவாச்சூர் காளியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க!"