தலைவர் உட்பட

இந்த வருடம் மலை ஏறியே தீருவது என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊர் மண்கும்பான். பெயரில்தான் கும்பி, அதாவது குவியல், இருக்கிறது. ஊரில் இடுப்பளவு மேடுகூடக் கிடையாது. நாற்பத்தொன்பது வயதுவரை நான் ஏறிய ஆக உயர்ந்த சிகரம், வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

சனசமூக நிலையத்து ஆண்கள் எட்டுப் பேர், நுவரெலியாவுக்கு மேலே காட்டோரம் கூடாரம் அடித்து இரண்டு இரவு. தலைவர் நான். மனைவிமார் இல்லாத இரண்டு நாள். நினைக்கவே குளிர்ந்தது.

என் மனைவி பவதாரணி மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"நானும் வரட்டே?"

"இஞ்சாரும், உது விளையாட்டில்லை. கூடாரத்திலை படுக்கவேணும். உமக்கு ஏலாது."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது?"

"மலையிலை அட்டை கடிக்கும்."

"உங்களோடை இருவது வரியம் இருந்திட்டன். அட்டைக்குப் பயமோ?"

நேரே மறுத்தால் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே ஒரு சட்டம் எழுதினேன்: 'பதினைந்து நிமிடத்துக்குள் தனியாகக் கூடாரம் அடிக்கத் தெரியாத எவருக்கும் வாகனத்தில் இடமில்லை. பரீட்சை அடுத்த ஞாயிறு, சாட்டிக் கடற்கரை.' தேத்தண்ணி கொண்டுவந்தவள் அதை வாசித்தாள்.

"நல்ல சட்டம். ஆனா எனக்கெண்டே போட்டதெண்டு சனம் கதைக்கும். 'தலைவர் உட்பட' எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ. உங்களுக்கு மரியாதை."

என் நீதியை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்! சிவப்புப் பேனையால் எழுதி, அடிக்கோடும் போட்டேன். கூடாரம் அடிப்பது எப்படி என்று போனில் பதினொரு தடவை பார்த்தவனுக்கு என்ன பயம்?

அன்றே யாழ்ப்பாணம் போய் ஒரு கம்பளிச்சட்டை வாங்கினேன். "சின்ன அளவாப் பாத்து எடுங்கோ, நல்லா மெலிஞ்சு போனியள்" என்று அவள்தான் சொல்லிவிட்டாள். வயிற்றை எக்கிக்கொண்டு சின்ன அளவே எடுத்தேன்.

அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரங்களில் மாதர் சங்கக் கூட்டம் என்று போய்வந்தாள். நான் சந்தேகப்படவில்லை, சந்தோசப்பட்டேன்.

ஞாயிறு வந்தது. சாட்டியில் சோழகக் காற்று ஆளைத் தூக்கியது. எட்டு ஆண்களும் வந்தோம். எட்டுப் பேரின் மனைவிமாரும் வந்திருந்தார்கள். சட்டத்தில் ஆண், பெண் என்று எழுத மறந்தது அப்போதுதான் உறைத்தது. நேரம் பார்த்தவர் கடற்றொழிலாளி யாக்கோப்பு அண்ணை.

முதலில் நான். ஆப்பை அடித்தேன், மணலில் நிற்கவில்லை. இன்னும் ஆழமாக அடித்தேன். காற்று உள்ளே புகுந்தது. கூடாரம் ஓடியது. பின்னால் நான் ஓடினேன்.

"தம்பி, உதைப் பிடியும்! விட்டா யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திடும்!" என்றார் யாக்கோப்பு அண்ணை.

மற்ற ஏழு பேரும் என்னைப்போலப் போனில் படித்தவர்கள்தான். அவர்களும் ஓடினார்கள்.

பிறகு பவதாரணி வந்தாள். கூடாரத்தின் வாசலைக் காற்று வராத பக்கம் திருப்பினாள். நான்கு கடைப்பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, பைகளைக் குழிதோண்டிப் புதைத்தாள். தடியைக் கோத்து நிமிர்த்தினாள். ஆறரை நிமிடம். நான் ஒரு உதை விட்டுப் பார்த்தேன். கால்தான் நொந்தது. மாதர் சங்கக் கூட்டம் என்ற பெயரில் அவள் கொடுத்த ஒரு கிழமைப் பயிற்சியில் மற்ற ஏழு மனைவிமாரும் அப்படியே அடித்தார்கள்.

"உதெல்லாம் எங்கை படிச்சனீர்?"

"வன்னியிலை. இடம்பெயர்ந்து போய் மூண்டு வரியம் தரப்பாள் கூடாரத்துக்குக் கீழைதானே இருந்தனாங்கள். மழைக்காத்துக்குப் பிய்ஞ்சு போகும். ஐயாவுக்குச் சுகமில்லை. நானும் அம்மாவும்தான் திருப்பித் திருப்பிக் கட்டுறது."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அந்த நாட்களில் நான் கொழும்பில் பெரியப்பா வீட்டில், மின்விசிறிக்குக் கீழே கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. கடற்கரையே திரும்பிப் பார்க்கக் கைதட்டினேன். தட்டி முடியத்தான் யாக்கோப்பு அண்ணை என் சட்டத்தை உரத்து வாசித்தார். 'தலைவர் உட்பட' என்ற இடத்தில் நிறுத்தி இரண்டாம் தரமும் வாசித்தார்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பெண்களோடு வாகனம் மலைக்குப் போனது. எனக்கு மூன்று ஆடும், பதினேழு கோழியும், குசினி அடுப்பும்.

சனி காலை போன் வந்தது.

"இஞ்சை இரவு சரியான காத்து மழை. பக்கத்திலை கொழும்பு ஆக்களின்ரை கூடாரம் பறந்திட்டுது. எங்கடை ஒண்டும் அசையேல்லை. அவையளுக்கும் நாங்கள்தான் அடிச்சுக் குடுத்தனாங்கள்."

"கெட்டிக்காரி!" மனதாரத்தான் சொன்னேன். "குளிரேல்லையோ?"

"எனக்கென்ன குளிர்? உங்கடை கம்பளிச்சட்டை எனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

அந்தச் சட்டையை நான் வாங்கியது பரீட்சைக்கு ஒரு கிழமை முந்தி.