டைனோசருக்குக் கிடைத்த ஒளிவட்டம்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் கோப்புச் சித்தர் அவதரித்து மூன்று மாதம்தான். அதற்குள் படிக்கட்டு கொள்ளாத கூட்டம். செட்டிகுளம் ஸ்டூடியோக்காரர் முதல் செந்துறை பிளக்ஸ் போர்டுக்காரர் வரை எல்லார் கையிலும் ஒரு பென்டிரைவ், ஒரு எலுமிச்சம்பழம், தட்டில் போட ஐந்நூறு ரூபாய். கம்ப்யூட்டரில் படத்தை ஜேபிஜி வகைக் கோப்பாக வைத்தால் சுபம், பிஎன்ஜி வகையில் வைத்தால் சனி தோஷம் என்பது சித்தரின் கண்டுபிடிப்பு. சனி பகவானுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

அரியலூர் ஜெயசுதா வந்தது பக்தியால் அல்ல, வயிற்றெரிச்சலால். சுண்ணாம்புச் சுரங்கத்தில் டைனோசர் ஓடும் மொபைல் கேமுக்காக ஒரு வருடம் படம் வரைந்தவள் அவள். புரோகிராம் எழுதும் அண்ணன் ராஜராஜன், அவளைக் கேட்காமலே அத்தனையையும் சித்தரிடம் கொடுத்து ஜேபிஜி ஆக்கிவிட்டான். இப்போது டைனோசர் வெள்ளைக் கட்டத்தையும் சுமந்துகொண்டு ஓடியது. அன்று மாலை ஐந்துக்குள் கேமை ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும். பழைய பிஎன்ஜி படங்கள் அவளிடம் பத்திரமாக இருந்தன. சித்தர் உத்தரவில்லாமல் அவற்றைச் சேர்க்க அண்ணன் தயாரில்லை.

“சாமி, டைனோசரைச் சுத்தி இந்த வெள்ளைக் கட்டம் என்னங்க?”

“அது ஒளிவட்டம்மா. தெய்வ கடாட்சம் இருந்தாத்தான் வரும்.”

ஒளிவட்டம் ஏன் சதுரமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஜெயசுதா வாசலில் கிடந்த சித்தரின் செருப்பைப் போனில் படமெடுத்தாள். பின்னணியை அழித்தாள். எல்லார் கண்ணெதிரே, கூட வந்திருந்த அண்ணனின் லேப்டாப்பில் அதை ஜேபிஜி ஆக்கினாள். செருப்பைச் சுற்றி வெள்ளைக் கட்டம்!

சித்தர் அசரவில்லை. “குரு பாதுகைம்மா. வராம இருக்குமா?”

மறுபடி கன்னங்கள் சிவந்தன. ஜெயசுதா மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். அதே வேலை. அதே கட்டம்.

“இது எந்தக் குருவோடதுங்க சாமி?”

முதலில் சிரித்தவன் ராஜராஜன்தான். சித்தர் தட்டிலிருந்த ரூபாயை அவசரமாக மடியில் முடிந்துகொண்டார்.

“ஜேபிஜியில வெத்து இடம் வெத்தா இருக்காது, எதாவது கலர் பூசிரும். கல்யாண போட்டோவுக்கு அது போதும், சைஸும் கம்மி. ஓடுற பொம்மைக்குப் பின்னாடி சுரங்கம் தெரியணும்ல, அதுக்கு பிஎன்ஜி. இவ்ளோதாங்க தோஷம்,” என்றாள்.

“படத்த எடு சுதா, மாத்திருவோம்” என்றான் அண்ணன். அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து மாற்றினார்கள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கட்டத்தை உதறிவிட்டு டைனோசர் போட்டிக்குப் புறப்பட்டது.

ஸ்டூடியோக்காரர் பணிவாகப் பக்கத்தில் வந்தார். “ஏம்மா, அப்ப பிஎன்ஜியில சேவ் பண்ண நல்ல நேரம் எதும்மா?”

“உங்க மூளை முழிச்சிருக்கிற நேரங்க.”